குற்றவாளி நண்டு அல்ல!

2019ஆம் ஆண்டு ஜூலை 2ந் தேதி இரவு. மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி ஜில்லாவில் திவரே என்ற ஊரின் மண் அணை உடைந்தது. நல்ல மழைக்காலம். கும்மிருட்டு. அணைக்குக் கீழே இருந்த குடியிருப்பை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அணையில் கசிவு இருக்கிறது என்று தாங்கள் முன்பே புகார் கொடுத்திருந்ததாக ஊர் ஜனங்கள் சொன்னார்கள். சர்க்கார் என்ன பதில் சொல்லிற்று? அந்த மாநிலத்து மந்திரி ஒருவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னார்: நண்டுகள்! அணையில் நண்டு பெருகிவிட்டதாம். அதனால்தான் கசிவு வந்ததாம். எதிர்க்கட்சிக்காரர்கள் நண்டுகளைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கே கொண்டுபோய், "இதோ குற்றவாளி, வழக்குப் போடுங்கள்" என்றார்கள். நாடே சிரித்தது. திவரேயில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

நண்டை நமக்குத் தெரியாதா? வயலில் கால் வைத்த ஒவ்வொரு விவசாயத் தொழிலாளிக்கும் நண்டு வளை தெரியும். வரப்பில் நண்டு வளை போட்டால் தண்ணீர் கசியும்; கவனிக்காமல் விட்டால் வரப்பு உடையும். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். நடவு வயலில் வரப்பு உடைந்து தண்ணீர் வடிந்துவிட்டால், "நண்டுதானுங்க காரணம்" என்று நாம் சொன்னால் மிராசுதார் ஒப்புக்கொள்வாரா? "நீ என்னடா பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்றுதானே கேட்பார்? கூலியில் பிடித்துக்கொள்வாரே தவிர, நண்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவாரா?

அதே கேள்வியைத்தான் அணையைக் கட்டி ஆளுகிறவர்களிடம் நாமும் கேட்கிறோம்: கசிவு வந்தபோது நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

கசியாத அணை உண்டா?

கசிவு என்றாலே அணை போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை. கசியாத அணை உலகத்தில் இல்லை. ஒரு பக்கம் ஐம்பது அடி, நூறு அடி தண்ணீர் நிற்கிறது. மறுபக்கம் வெறும் தரை. தண்ணீர் சும்மா இருக்குமா? மண்ணின் சந்துகளிலும் பாறையின் வெடிப்புகளிலும் புகுந்து, அணைக்கு அடியிலும் பக்கத்திலும் வழி தேடும். இது தண்ணீரின் இயல்பு. இஞ்ஜினீயர்கள் அணை கட்டும்போதே இதற்குக் கணக்குப் போடுகிறார்கள். வருகிற தண்ணீருக்கு வடிகால் வைத்து, அளந்து, வெளியே விடுகிறார்கள்.

ஆபத்து இரண்டு வழியில் வரும்.

முதலாவது, அடியிலிருந்து தூக்குவது. அணைக்குக் கீழே புகுந்த தண்ணீர் சும்மா படுத்திருப்பதில்லை. மேலே இருக்கும் கட்டிடத்தை அழுத்தித் தூக்குகிறது. கொதிக்கிற பானையின் மூடியை ஆவி தூக்குவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அது போலத்தான். தூக்கும் அழுத்தத்துக்குத் தக்க கனம் மேலே இல்லை என்றால் தரை பெயர்ந்துவிடும்.

இரண்டாவது, குடைவது. வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை தண்ணீர் மட்டும்தான் வருகிறது. கலங்கி வந்தால் மண்ணும் கூட வருகிறது. மண் வந்தால் உள்ளே பொந்து விழுகிறது. பொந்து விழுந்தால் இன்னும் வேகமாகத் தண்ணீர் வரும். இன்னும் அதிகமாக மண்ணை அள்ளும். இந்தக் குடைச்சல் பெரும்பாலும் தண்ணீர் வெளியேறும் முனையில் தொடங்கிப் பின்னோக்கி, அணையின் அடியை நோக்கிப் போகும். துணியின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்தால் எப்படி உள்ளே உள்ளே பிரிந்துகொண்டு போகும் என்பது தறித் தொழிலாளிக்குச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

ஏரிக்கரையில் ஊற்றுக் கண்டால் விவரம் தெரிந்த பெரியவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? கையில் அள்ளிப் பார்ப்பார்கள். தெளிவா, கலங்கலா? இந்த ஒரு கேள்வியில் பாதிச் சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. ஊற்றின் வாயில் களிமண்ணை அப்பி அடைப்பதும் தப்பு. இங்கே அடைத்தால் அது இன்னோர் இடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைக் கொஞ்சம் உயர நிறுத்த வேண்டும். அல்லது மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் ஜல்லி என்று பரப்ப வேண்டும். தண்ணீர் வடியும், மண் நிற்கும். டீக்கடை வடிகட்டி செய்கிற வேலைதான். பெரிய அணைகளின் வயிற்றுக்குள்ளும் இதே வடிகட்டியைத்தான் வைக்கிறார்கள்.

சாஸ்திரம் வந்த வழி

இந்தச் சாஸ்திரம் எங்கோ சீமையில் பிறந்து கப்பலேறி வந்தது என்று நினைக்க வேண்டாம். இதில் நம்முடைய நதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் காவிரிக் கல்லணையைப் பார்த்தே கற்றுக்கொண்டோம் என்று ஆர்தர் காட்டன் துரையே ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தை வைத்துத்தான் அவர் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டினார். கல்லணையில் கல் சுமந்தவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவன் வேலை வெள்ளைக்கார இஞ்ஜினீயருக்கே வாத்தியாராயிற்று.

பிறகு பஞ்சாபிலும் வடக்கிலும் பெரிய பெரிய அணைக்கட்டுகளை மணலின் மேல் கட்டினார்கள். 1895இல் செனாப் நதியின் காங்கி அணைக்கட்டு சேதமாயிற்று. உடனே ரூர்க்கி கல்லூரித் தலைவர் கர்னல் கிளிபர்ன், காங்கி மணலையே கொண்டுவந்து குழாயில் அடைத்து, தண்ணீர் விட்டுச் சோதித்தார். 1898இல் கங்கையின் மேலிருந்த நரோரா அணைக்கட்டின் தரை, அடியிலிருந்து வந்த நீரழுத்தத்தால் பெயர்ந்தது. அடியில் ஓடும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காவிட்டால் மேலே எவ்வளவு காரை பூசியும் பயனில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

பிளை என்ற இஞ்ஜினீயர் 1910இல் ஒரு கணக்கைச் சொன்னார். தண்ணீர் அணையின் அடியை ஒட்டியே ஊர்ந்து போகிறது. அந்தப் பாதையை நீளமாக்கினால் அதன் பலம் குறையும். குறுமணலானால் நீர் உயரத்தைப் போல 15 மடங்கு நீளம், பருமணலானால் 12 மடங்கு என்றார். ரொம்ப நாள் இதை வேதவாக்காக வைத்துக் கட்டினார்கள்.

ஆனால் 1920களில் பஞ்சாபின் மேல் செனாப் கால்வாயில் அந்தக் கணக்குப்படி கட்டிய சைபன்களிலேயே தொல்லை கண்டது. அஜோத்தியா நாத் கோஸ்லா என்ற நம் நாட்டு இஞ்ஜினீயர் என்ன செய்தார்? புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. "அடியில் என்ன நடக்கிறது என்று இறங்கிப் பார்ப்போம்" என்றார். கட்டிடத்தின் வழியாகக் குழாய்களை இறக்கி, ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறது என்று அளந்தார்கள். பிறகு பஞ்சநத் அணைக்கட்டிலும் குழாய் பதித்துப் பார்த்தார்கள். புத்தகக் கணக்கு ஒன்று சொன்னது. குழாய் வேறொன்று சொன்னது. அவரும் போஸ், டெய்லர் ஆகியோரும் சேர்ந்து 1936இல் வெளியிட்ட முடிவு இதுதான்: பாதையின் நீளம் மட்டும் போதாது. தண்ணீர் எந்த முனையில் மண்ணை விட்டு வெளியேறுகிறதோ, அந்த முனையில் அதன் வேகத்தை அடக்க வேண்டும். குடைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே அங்கே ஆழமான தடுப்புச் சுவரை இறக்கு!

இந்தக் கதையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? ஒரே காரணம்தான். கணக்கு முக்கியம்; ஆனால் கணக்கைச் சோதிப்பது அளவு. குழாயில் நிற்கும் தண்ணீரை ஒருவன் தினம் தினம் போய்ப் பார்த்து நோட்டில் எழுதினால்தான் அணையின் அடியில் நடப்பது வெளிச்சத்துக்கு வரும். அந்த ஒருவன் யார்? பெரிய இஞ்ஜினீயரா? இல்லை. வெயிலிலும் மழையிலும் கரையில் நடக்கும் சாதாரண ஊழியன்.

பணக்கார நாட்டில் நடந்தது

"இதெல்லாம் நம்மைப் போன்ற ஏழை நாட்டில்தான் நடக்கும்" என்பாரும் உண்டு. அவர்களுக்கு டீட்டன் அணையைக் காட்டுவோம்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் நதியின் குறுக்கே, அந்த நாட்டுச் சர்க்காரின் பாசன இலாகா 305 அடி உயரத்துக்கு மண் அணை கட்டியது. அங்கே இருந்தது எரிமலைப் பாறை, முழுக்க வெடிப்பு. அஸ்திவாரம் தோண்டும்போதே ஆள் நுழையும் அளவுக்குப் பிளவுகள் தென்பட்டன. அணையின் நடுக்கருவுக்குப் போட்டது காற்றில் அடித்து வந்து படிந்த மாவு போன்ற வண்டல். தண்ணீர் பட்டால் கரைந்து ஓடக்கூடியது. பாறைக்குள் துளை போட்டுச் சிமெண்டுப் பால் செலுத்தித் திரை கட்டினார்கள். ஆனால் அந்த வண்டல் பாறை வெடிப்பைத் தொடும் இடத்தில் வடிகட்டி வைக்கவில்லை. அளவுக் கருவிகளும் போதவில்லை என்று பின்னால் விசாரித்த நிபுணர் குழு சொல்லிற்று.

1975 அக்டோபரில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். புது அணையை மெல்ல நிரப்ப வேண்டும், நாளைக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது முதலில் போட்ட விதி. அதை இரண்டு அடியாகத் தளர்த்தினார்கள். கடைசியில் பனி உருகிய வெள்ளம் வந்தபோது நீர்மட்டம் அதையும் மீறி ஏறியது. தண்ணீரை வெளியே விடும் பெரிய மதகு வேலை முடியவே இல்லை!

1976 ஜூன் 3ந் தேதி, அணைக்குக் கீழே சிறு ஊற்றுகள் தெரிந்தன. தண்ணீர் தெளிவு. 5ந் தேதி காலை கலங்கல் நீர் வந்தது. அப்புறம் அணையின் முகத்திலேயே ஈரம் கண்டு, ஓட்டையாகி, பீறிட்டது. இரண்டு புல்டோசர் ஓட்டிகள் உயிரைப் பணயம் வைத்து ஓட்டைக்குள் மண்ணைத் தள்ளினார்கள். ஓட்டை புல்டோசர்களையே விழுங்கியது. ஓட்டிகள் மயிரிழையில் தப்பினார்கள். பகல் 12 மணி அடிக்கு முன்பே அணை அறுந்தது. காலையில் கலங்கல் தெரிந்து மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது! சர்க்கரை ஆலையைச் சுற்றி உருவான சுகர் சிட்டி, ரெக்ஸ்பர்க் முதலிய ஊர்களில் வெள்ளம் புகுந்தது. 11 பேர் இறந்தனர். கால்நடைகள் ஆயிரக்கணக்கில் மாண்டன.

ஆயிரக்கணக்கான ஜனங்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கில் சாவு பதினொன்றோடு ஏன் நின்றது? அது பகல் வேளை. அணையில் இருந்தவர்கள் முன்கூட்டியே போலீசுக்குத் தகவல் கொடுத்தார்கள். ஜனங்களை ஓடச் சொன்னார்கள். திவரேயில் இரவு, தூக்கம். மிகப் பெரிய அணைக்குக் கீழே எச்சரிக்கை உயிர் காத்தது. சின்ன அணைக்குக் கீழே எச்சரிக்கை இல்லாமல் குடும்பங்கள் அழிந்தன. இந்த வித்தியாசத்தை நன்றாக மனசில் வைக்க வேண்டும்.

ஷிப்டு முறையில் காத்த அணை

இன்னொரு செய்தி, மில் தொழிலாளிகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. இராக்கில் டைகிரீஸ் நதியின் மேல் மோசுல் அணை இருக்கிறது. அதன் அடியில் ஜிப்சம் பாறை. ஜிப்சம் தண்ணீரில் கரையும் பொருள். அப்படியானால் அணை எப்படி நிற்கிறது? 1986 முதல் பல பத்தாண்டுகளாக, அணையின் அடியிலுள்ள சுரங்க நடையில் தொழிலாளிகள் இறங்கி, பாறையில் துளை போட்டு, கரைந்த இடத்தையெல்லாம் சிமெண்டுப் பாலால் நிரப்பி வந்தார்கள். இராப்பகலாக, ஷிப்டு மாற்றி ஷிப்டு. பல லட்சம் பேர் வாழும் மோசுல் நகரம் அந்த ஷிப்டுகளை நம்பித்தான் தூங்கியது.

2014 ஆகஸ்டில் ஐ.எஸ். கொலைகாரக் கும்பல் அணையைப் பிடித்தது. சில நாட்களில் அது மீட்கப்பட்டது. ஆனால் வேலை தடைப்பட்டது. தொழிலாளிகள் பலர் சிதறிப் போனார்கள். உலகமே பதறிற்று. எதற்காக? சுரங்கத்தில் ஊசி பிடித்த கை நின்றுவிட்டதே என்று! அதுவரை அந்தக் கைகளை யார் நினைத்தார்கள்? அணை நிற்பது சிமெண்டால் மட்டும் அல்ல, உழைப்பால் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சட்டம் வந்தது, போதுமா?

நம் நாட்டில் 2021 டிசம்பரில் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அணைக்குச் சொந்தக்காரர் பாதுகாப்புப் பிரிவு வைக்க வேண்டும்; அளவுக் கருவி வைக்க வேண்டும்; மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும்; ஆபத்துக் காலத்துக்குத் திட்டம் வேண்டும் என்கிறது சட்டம். வரவேற்கிறோம். ஆனால் இது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் உயரமுள்ளவற்றில் சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றுக்கும் மட்டும்தான். நம் கிராமத்து ஏரிக்கரைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே வராது. அவற்றின் கீழே குடியிருப்பவர் யார்? புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிதான்.

அதைவிட முக்கியம் ஒன்று. கசிவுக் கணக்கு யாருக்குச் சொந்தம்? கரையில் நடப்பவன் அளந்து எழுதுகிறான், நோட்டு ஆபீசுக்குப் போகிறது, பீரோவில் தூங்குகிறது. அணைக்குக் கீழே உயிரை வைத்திருப்பவனுக்கு ஒரு வரி தெரிவதில்லை.

"கணக்கை வெளியே சொன்னால் ஜனங்கள் பீதி அடைவார்கள்" என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இந்த வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. வதந்தி கிளம்பினால் ஜனங்கள் நள்ளிரவில் பிள்ளை குட்டியோடு ஓடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் வதந்தி எங்கே பிறக்கிறது? கணக்கை மறைக்கும் இடத்தில்தான். மாதாமாதம், "இவ்வளவு கசிவு, தெளிந்த நீர், போன மாதமும் இதே அளவு" என்று பலகையில் எழுதிப் போட்டால், எது இயல்பு என்று ஊருக்கே பழகிவிடும். ஒரு நாள் அளவு கூடினால், நீர் கலங்கினால், படிக்கத் தெரிந்த பள்ளிப் பையன் கூடக் கண்டுபிடித்துவிடுவான். பீதிக்கு மருந்து தகவல்தான், இருட்டு அல்ல.

நாம் இஞ்ஜினீயர்கள் அல்ல. பத்தாவது வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள்தான். அஸ்திவாரக் கணக்கை எங்களிடம் விடுங்கள் என்று கேட்கவில்லை. நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. ஒவ்வொரு அணையின் நீர்மட்டம், கசிவின் அளவு, தெளிவா கலங்கலா என்ற விவரம் ஆகியவற்றை மாதாமாதம், மழைக்காலத்தில் தினந்தோறும், பஞ்சாயத்துப் பலகையில் ஜனங்களின் பாஷையில் எழுதிப் போட வேண்டும்.

2. கரையைக் காக்கும் லஸ்கர் வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடக்கூடாது. ஆறு மாதக் கூலிக்காரனுக்குப் போன வருஷத்துக் கசிவு எப்படி இருந்தது என்று தெரியாது. காலியான இடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

3. கசிவு என்று ஊரார் புகார் கொடுத்தால் ரசீது கொடுக்க வேண்டும். மறுநாளைக்குள் இஞ்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும். பதிலை எழுத்தில் தர வேண்டும். கலங்கல் நீரைக் கண்டு மேலே சொன்ன ஊழியனை யாரும் பழிவாங்கக்கூடாது.

4. மராமத்து என்ற பெயரில் இரண்டு வண்டி மண்ணைக் கொட்டிப் பில் போடும் பழக்கம் ஒழிய வேண்டும். என்ன செய்தார்கள், வடிகட்டி வைத்தார்களா என்பதை ஊராரும் சேர்ந்து பார்த்த பிறகே பணம் தர வேண்டும்.

5. சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஏரிக்கரைகளுக்கும் இந்தக் காவல் வேண்டும். அணையானாலும் ஏரியானாலும், கீழே உள்ள குடியிருப்புகளுக்கு இரவில் காதில் விழும்படி எச்சரிக்கைச் சங்கு வேண்டும்.

இவற்றில் எது முடியாதது? எதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும்? ஒரு பலகை, ஒரு சாக்குக்கட்டி, ஒரு சங்கு, சம்பளம் ஒழுங்காக வாங்கும் நாலு ஊழியர்கள். மனசு இருந்தால் இந்த மழைக்காலத்துக்கு முன்பே செய்யலாம்.

தோழர்களே! உங்கள் ஊருக்கு மேலே அணையோ ஏரியோ இருந்தால் இந்த வாரமே நாலு பேர் சேர்ந்து கரையின் அடியில் நடந்து பாருங்கள். ஈரம் எங்கே? ஊற்று எங்கே? கையில் அள்ளிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் இடத்தையும் தேதியையும் குறித்து வைத்து, அடுத்த வாரமும் போய்ப் பாருங்கள். கலங்கலாக இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். ஆபீசுக்குச் சொல்லுங்கள், கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நகல் கையில் இருந்தால், நாளைக்கு எந்த மந்திரியும் நண்டைக் காட்டித் தப்பிக்க முடியாது.